வைரத்தின் நிறவகை வரலாறு

வைரமென்பது தூய கரியே பளிங்குருக் கொண்டு அமைந்ததொரு மணியாம். மாசற்ற கரிப்பளிங்கு தன்னியல்பில் நிறமுடையதன்று. அங்ஙனமாகவும், மஞ்சள், பழுப்பு, நீலம் முதலிய நிறங்கள் வைரங்களிற் காணப்படுகின்றன. அந்நிறங்களை மாந்தர் எவ்வளவைகொண்டு வகைப்படுத்தி வந்தனர் என்பது ஈண்டு ஆராயப்படும்.

6-ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தமது பிருகத் சங்கிதையில், வெண்ணிற வைரம் அந்தணர்க்கும், செந்நிறமும் மஞ்சணிறமும் உடையன அரசர்க்கும், வாகைப்பூ நிறத்தது வணிகர்க்கும், வாளின் நிறத்தது நான்காம் வருணத்தார்க்கும் உரியவென வகுத்தார். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையும் மதுரை மணிக்கடை வீதியைப் புனையுமிடத்து வைரத்தின் வருணம் நான்கெனவே கொள்கின்றது. 'வருணம்' என்னுஞ் சொல் நிறத்தையுங் குலத்தையும் ஒருங்குணர்த்துவது. ஆகலின், இப்பகுப்பில் நிறம் கல்லின் குறைவைக் காட்டும் அளவாகாது, அணிவாரோடு இயைத்து நோக்கப்படும் இனவேறுபாடாயிற்று. மஞ்சட்கல் தன் வகையில் நற்கல்லேயாம். புள்ளியுங் கீற்றுமே குற்றமெனப்பட்டன.

பின்னர் இந்நோக்கு வேறுபட்டமைக்கு வணிகமே காரணமாயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டு வைரங்கள் வெளிப்படுங்காறும், உலகச் சந்தைக்கு வந்த வைரங்கள் பெரும்பாலும் இந்தியாவினவே. 1867-இல் தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஆற்றின் அருகே 21 காரட்டிற்குச் சிறிது மேற்பட்ட பழுப்பு மஞ்சட் கல்லொன்று கிடைத்தது. அதன்பின் அந்நாட்டுச் சுரங்கங்களினின்றும் வைரங்கள் மிகுதியாய் வெளிப்போந்தன. அவற்றுட் பல மஞ்சட்சாயல் உடையன. அவற்றை வணிகர் அந்நாட்டின் பெயராலேயே 'கேப்' என்றனர். நிறமற்றதனை 'ரிவர்' என்றும், அதனையடுத்ததைச் சுரங்கமொன்றன் பெயரால் 'வெசல்டன்' என்றும் வழங்கினர். நாளடைவில் இப்பெயர்கள் பிறந்த இடத்தைக் குறியாது நிறத்தையே குறிப்பவாயின. ஏ, பி, சி என்னும் எழுத்துக்களையும், அவற்றை இரட்டித்தும் மும்மடித்தும் எழுதும் வழக்கையும் வேறு சிலர் கைக்கொண்டனர். விற்பார் தத்தம் கல்லுக்கு உயர்ந்த பெயரே இட்டமையின், ஒரு பெயர் ஓரிடத்து ஒரு நிறத்தையும் பிறிதோரிடத்து வேறொரு நிறத்தையும் உணர்த்திற்று. பெயரை நம்பிப் பொருள் கொடுத்தார்க்கு அப்பெயரின் பொருள் இன்னதென்னும் உறுதியில்லையாயிற்று.

இக்குறையை நீக்குமாறு, ராபர்ட் ஷிப்லி 1931-இல் நிறுவிய அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம், 1953-இல் ரிச்சர்ட் லிடிக்கோட் என்பார் தலைமையில் புதியதோர் அளவையை வகுத்தது. அது 'டி' முதல் 'இசட்' வரை 23 படிகள் உடையது. 'ஏ' முதலாகத் தொடங்காதது என்னையெனின், முதன் மூன்றெழுத்துக்களும் முன்னரே பலவாறு வழங்கப்பட்டமையின், பழைய மயக்கம் புதிய அளவையைப் பற்றாதிருத்தற் பொருட்டென்க. டி, இ, எஃப் என்பன நிறமற்றன. ஜி முதல் ஜே வரை நிறமின்மையை அணுகுவன. அதன்கீழ்ப் படிதோறும் மஞ்சளோ பழுப்போ மிகும்.

கண் தனித்து நின்று இந்நுண் வேற்றுமையை அறியமாட்டாது. ஆகவே படி வரையறுக்கப்பட்ட ஒப்பீட்டுக் கற்களை வெண்டளத்திற் கவிழ்த்து வைத்து, பகலொளி யொத்த விளக்கில், ஆராயுங் கல்லை அவற்றின் அருகிற் சேர்த்துப் பக்கவாட்டில் நோக்குவர். மேன்முகத்திற் சுடர்விடும் ஒளி சாயலை மறைக்கும். பொன்னிற் பதித்த கல்லோ பொன்னின் நிறத்தையுங் கவரும். ஆதலாற் பதியாத கல்லை நோக்குதலே வாங்குவார்க்குத் தக்கது.

மஞ்சட்சாயல் பெரும்பாலும் கரியினிடையே புகுந்த நைட்ரசன் அணுக்களாலும், நீலம் போரான் அணுக்களாலும் உண்டாவன என்பது இக்காலத்து ஆய்வாற் றெளிந்த உண்மை. இனி, கீழ்ப்படியிலுள்ளது அழகற்றதோவெனின், அன்று. 'இசட்' என்னும் எல்லையையுங் கடந்து நிறம் செறிந்த கல் தனிவகையாய் மதிக்கப்பட்டு, அந்நிறத்தானே விலையுயரும். 45.52 காரட் எடையுள்ள ஹோப் என்னும் நீலவைரம் இதற்குச் சான்றாம். ஆகவே எழுத்துப்படி உணர்த்துவது நிறத்தின் அளவொன்றையே. அழகைத் துணிவது காண்பார் கண்ணேயாம். பழைய நூலோர் நிறத்தை நலமெனக் கொண்டதும் புதியோர் அதனை அளந்ததும் தம்முள் முரணாவன அல்ல. முன்னது மதிப்பு, பின்னது அளவு. இரண்டனையும் வேறுபிரித் தறிவாரே விற்பார் சொல்லில் மயங்காது மணி கொள்வர்.