ஐங்காசும் வெக்லியும்

சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேசும் பிரதேசங்களில், ஒன்றையொன்று விலக்கும் இரண்டு லாபங்களை ஒருங்கே விழையும் பேராசையைச் சுட்டும் மரபுத்தொடர். வெக்லி என்பது நடுவே பிளவுண்ட, பால் சேர்த்த சிறு ரொட்டி. அது கைக்கு வரவேண்டும், அதற்கு நீட்டிய ஐந்து ராப்பன் நாணயமும் கைவிட்டுப் போகலாகாது என்னும் மனோபாவமே இதன் தாத்பரியம். 1546இல் வெளிவந்த ஜான் ஹேவுட்டின் ஆங்கிலப் பழமொழித் தொகுப்பிலேயே காணப்படும், கேக்கைத் தின்னவும் வேண்டும், வைத்திருக்கவும் வேண்டும் என்ற வழக்கும், வெண்ணெயோடு அதன் விலையையும் கேட்கும் பிரெஞ்சு வழக்கும், பீப்பாயில் மது குறையாமலே மனைவிக்குப் போதையேறக் கோரும் இத்தாலிய வழக்கும் இதற்குச் சமானமானவை. தமிழில் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது இவற்றினும் காட்சி துலங்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு கொள்ளும் உறவு பற்றிய சுவிஸ் அரசியல் விவாதங்களில் இத்தொடர் பிரயோகமாவதுண்டு. ஐந்து ராப்பனுக்கு இன்று வெக்லி கிடைப்பதில்லை எனினும், 1981 முதல் பொன்னிறத்தில் அச்சிடப்பட்டுவரும் அந்நாணயம் புழக்கத்தில் உள்ளது.