மைக்கா இல்லாத மைக்கா

“எட்டுக்கு நாலு மைக்கா ரெண்டு ஷீட் வாங்கிட்டு வந்துடுங்க சார்” என்று ஆசாரி சொல்கிறார். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தருகிறார். ஆனால் அந்தத் தகட்டுக்குள் மைக்கா ஒரு துளியும் கிடையாது.

மைக்கா என்பது ஏடு ஏடாக உரியும் கனிமம். தமிழில் அது காக்காய்ப்பொன். சித்த மருத்துவத்தில் அப்பிரகம். சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாது. அதனால் மின் இயந்திரங்களில் காப்புப் பொருளாக வைத்தார்கள். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கோடர்மாவிலிருந்து உலகத்துக்கே அது கப்பலேறியது.

அதற்கு மாற்றுத் தேடியவர்கள் அமெரிக்கப் பொறியாளர்களான டேனியல் ஓ’கானரும் ஹெர்பர்ட் ஃபேபரும். பிசினில் தோய்த்த அடுக்குகளை அழுத்தி இறுக்கி ஒரு காப்புப் பொருளைச் செய்தார்கள். 1913இல் சின்சினாட்டி நகரில் தொழில் தொடங்கினார்கள். ‘மைக்காவுக்குப் பதில்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஃபார் மைக்கா’ என்பார்கள். அதைச் சேர்த்தெழுதியதும் ‘ஃபார்மைக்கா’ என்ற பெயர் பிறந்தது.

லத்தீனில் ‘ஃபார்மிகா’ என்றால் எறும்பு. பெயர் வைத்தவர்கள் எறும்பை நினைக்கவில்லை. ஆனாலும் எறும்பு வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது! எறும்பிலிருந்து வடித்தெடுத்ததால் ஒரு அமிலத்துக்கு ‘ஃபார்மிக்’ என்று பெயர் வந்தது. அதை ஒட்டிப் பெயர் பெற்றது ஃபார்மால்டிஹைடு. தகட்டை இறுக்கும் பிசின்களில் அது இருக்கிறது. சொல்லாராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல் இது.

மின்காப்புக்காகப் பிறந்த பொருள், நிறமும் மரவரியும் அச்சிட்ட தாளை மேலே வைத்ததும் மேசைக்கும் சமையலறைக்கும் வந்தது. அடியில் பழுப்புக் காகித அடுக்குகள், அவற்றில் ஃபீனால் பிசின். மேலே அச்சுத்தாள், அதில் மெலமைன் பிசின். 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 கிலோவும் அதற்கு மேலும் அழுத்தம் கொடுத்தால் எல்லாம் ஒரே தகடாகிவிடும். அலமாரிக்கு ஒட்டுவது பெரும்பாலும் 1 மி.மீ. கனம். அடுக்குகளைக் கூட்டி இன்னும் கனமாகச் செய்தால் ‘காம்பாக்ட்’ பலகை. அது கழிப்பறைத் தடுப்புக்குப் பயன்படுகிறது; வெளிப்புறத்துக்கென்றே செய்த ரகம் கட்டடத்தின் வெளிச்சுவருக்கும் பயன்படுகிறது.

1978இல் அமெரிக்க வணிக ஆணையம் ‘ஃபார்மைக்கா’ பொதுச்சொல்லாகிவிட்டது என்று சொல்லி, வணிகப்பெயர் பதிவை நீக்கக் கோரியது. அந்த முயற்சி ஈடேறவில்லை. இங்கே வழக்கே தேவைப்படவில்லை. ‘சன்மைக்கா’ என்ற வணிகப்பெயர் எல்லாத் தகட்டுக்கும் பெயரானது. பிறகு நாக்கு ‘சன்’னையும் உதறிவிட்டது. மாற்றாக வந்த பொருள் அசலின் பெயரையே எடுத்துக்கொண்டது.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. மக்கள் வாயில் ஊறிய சொல் அது. உங்கள் வீட்டு வேலை நடக்கும்போது ஆசாரி தகட்டைக் கீறி ஒடிக்கும் இடத்துக்குப் போய், அந்த ஓரத்தைப் பாருங்கள். மேலே மயிரிழை அளவுக்கு நிறம். அதற்குக் கீழே தெரியும் பழுப்பு முழுவதும் காகிதம்.