வெயிலைப் பார்த்து நின்ற நாம்: மாணவிகளின் ஒளிப்படங்களில் ஒளியும் நிழலும்

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைத் திரட்டத் தொடங்கியபோது, முதலில் கைக்கு வந்தவை வகுப்புப் படங்களே. முன்வரிசையில் பாயில் சின்னப் பிள்ளைகள், நடுவில் கதிரைகளில் அதிபரும் ஆசிரியைகளும், பின்னால் வாங்குகளில் ஏறி நின்ற பெரிய மாணவிகள். பத்தாண்டுகள் மாறின, சட்டையின் நீளமும் பின்னலின் கட்டும் மாறின. ஒன்று மட்டும் மாறவில்லை: எல்லோரும் வெயிலைப் பார்த்தே நிற்கிறோம். பலருடைய கண்கள் கூசிச் சுருங்கியிருக்கின்றன. சிரிப்பா, வெயிலின் கூச்சமா என்று இன்று பிரித்தறிய முடியவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. அக்காலக் கண்ணாடித் தட்டுகளும் பிலிம்களும் ஒளியை மெதுவாகவே வாங்கின. நாற்பது முகங்களும் தெளிவாக விழ வேண்டுமானால் சூரியன் படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். எவர் முகத்திலும் நிழல் விழக்கூடாது. நிழல் என்றால் பிழை. யார் யார் அந்த ஆண்டில் இருந்தார்கள் என்பதற்கு அப்படங்கள் நல்ல சாட்சி. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதை அவை சொல்வதில்லை.

நமது மொழியோ இந்தக் கலைக்கு மூன்று பெயர்களை வைத்திருக்கிறது: புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம். ஒரே பொருளை ஒருவர் நிழலின் பெயராலும் இன்னொருவர் ஒளியின் பெயராலும் அழைப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டும் சரிதான். ஒளி இல்லாமல் படம் விழாது; நிழல் இல்லாமல் அந்தப் படத்தில் ஆழம் இருக்காது.

நிழலைப் பிழையாகக் கருதாமல், வேண்டுமென்றே முகத்தில் தங்கவிட்ட முன்னோடிகளுள் ஒரு பெண், நம் நாட்டு மண்ணிலேயே உறங்குகிறார். வரலாற்றுப் பாடத்தில் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களை மனப்பாடம் செய்தோம் அல்லவா? அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 நத்தாருக்கு மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தபோது அவருக்கு 48 வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்ற தாய். இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்த தமது வீட்டில் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கினார். நிலக்கரி வைக்கும் இடத்தை இருட்டறையாக்கினார். ஈரம் காயாத இரசாயனம் பூசிய கண்ணாடித் தட்டு கமராவினுள் இருக்க, எதிரே அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழ விட்டு, மற்றப் பக்கத்தை இருளில் விட்டார். விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷலை 1867இல் அவர் எடுத்த படத்தில், இருளிலிருந்து எழும் வெண்முடியும் களைத்த கண்களும் ஒரு முழு வாழ்வைச் சொல்கின்றன. படங்கள் மங்கல் என்று அக்கால விமர்சகர்கள் குறை கூறினர். அவர் தமது வழியை மாற்றவில்லை.

1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் இருந்த காலத்தில், 1877இல், தம்மைக் காண வந்த ஓவியை மரியான் நோர்த்தைப் படமெடுத்தார். 1879 ஜனவரியில் மலையகத்தில் காலமானார், பொகவந்தலாவை சென். மேரீஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றில் ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள். ஒளியையும் நிழலையும் அவர்களுக்கும் அதே கவனத்தோடுதான் கொடுத்தார். ஆனால் அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் அவர் வீட்டுப் பணிப்பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரியும். இந்தப் பெண்களின் பெயர் தெரியாது. படம் முகத்தைக் காப்பாற்றியது. பெயரை எவரும் காப்பாற்றவில்லை.

அடுத்த நூற்றாண்டில் கொழும்பில் லயனல் வென்ட் வந்தார். 1900இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். 1934இல் வெளிவந்த ‘சோங் ஒவ் சிலோன்’ படத்தில் ஒலிக்கும் குரல் அவருடையது. இருட்டறையில் படம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதன்மீது சற்று வெளிச்சம் விழவிட்டு, ஒளியும் நிழலும் இடம் மாறும் முறையையும் அவர் கையாண்டார். உருவத்தின் ஓரத்தில் ஒரு கோடு ஒளிரும். நாம் அறிந்த முகமே கனவில் கண்டதுபோலத் தோன்றும். 1944இல் மறைந்தார். அவரது நெகட்டிவ்கள் பின்னர் அழிந்துபோக, இன்று அச்சுப் பிரதிகளே எஞ்சியிருக்கின்றன. நாடகம் பார்க்கவோ கண்காட்சி பார்க்கவோ கொழும்பு லயனல் வென்ட் அரங்குக்குப் போன நம்மில் பலர், அந்தப் பெயர் ஓர் ஒளிப்படக் கலைஞருடையது என்பதை அறியாமலே திரும்பி வந்திருக்கிறோம்.

நமது கதைக்கு வருவோம். நம்மில் சிலரின் கைக்குக் கமரா வந்தபோது ஒரு சுருளில் 36 படங்கள்தான். கழுவி அச்சிட ஸ்ரூடியோவுக்குக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எனவே பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, பிரியாவிடை ஆகியவற்றுக்கு மட்டுமே கமரா வெளியே வந்தது. அழுகை வந்தால் கமராவை மூடினோம். வெளிச்சம் குறைந்தாலும் மூடினோம்.

1990இன் நடுப்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் படித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு சிறு திரி; போத்தலே சிமினி. கொப்பியின் ஒரு பக்கத்துக்குத்தான் வெளிச்சம் போதும். எதிரே இருக்கும் தங்கைக்கு வெளிச்சம் வேண்டுமானால் நாம் தலையைச் சற்று விலக்க வேண்டும். சுவரில் நமது நிழல் நம்மைவிடப் பெரிதாக ஆடும். சாதாரண தரமும் உயர்தரமும் அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வீடுகளை விட்டு நடந்தபோது அல்பங்களை எடுத்துக்கொண்டவர்கள் சிலர். விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். மலருக்காகத் தேடியபோது, அந்த ஆண்டுகளின் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவேதான், இன்றைய மாணவிகளின் படங்களைப் பார்வையிடச் சென்ற நாளில், ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றோம். படத்தில் முக்கால்வாசி கறுப்பு. ஒரு போத்தல் விளக்கு, விரித்த கொப்பி, ஒரு பெண்ணின் கையும் நாடியும். கண்கள் இருளில். “ஏன் பிள்ளை இவ்வளவு இருட்டு?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். “அம்மா படிச்ச வெளிச்சம் இவ்வளவுதானாம், அன்ரி” என்றாள் அந்தப் பிள்ளை. படத்தில் இருந்தது அவளுடைய அம்மா. நமது பழைய மாணவி. பழைய விளக்கை மீண்டும் செய்து ஏற்றச் சொல்லி மகள் எடுத்திருக்கிறாள். முப்பது ஆண்டுகளாக எமது அல்பத்தில் இல்லாத படம் அது.

அவள் செய்தது பெரிய வித்தையல்ல. இன்றைய கைத்தொலைபேசி இருட்டைக் கண்டவுடன் தானாகவே படத்தை வெளிச்சமாக்கப் பார்க்கும். திரையில் சுடரைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இறக்கினால் இருள் இருளாகவே நிற்கும். பகலிலும் இதே கதைதான். உச்சி வெயிலில் கண்கள் குழிகளாகிவிடும். அதே முகத்தை விறாந்தைத் தூணருகே, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிறுத்தினால் ஒரு கன்னம் ஒளிரும். மறு கன்னம் யோசிக்கும். வாசலுக்கு எதிரே நிறுத்தினால் உருவம் மட்டும் மிஞ்சும். அது யாராகவும் இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறோம். நிழல் என்றால் துக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து இருளைப் பயத்துக்கும் தனிமைக்கும் மட்டும் பயன்படுத்துவதைக் காண்கிறோம். நம் ஊரில் நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும். வேம்பின் கீழ் பங்கிட்டுத் தின்ற மாங்காய்த் துண்டும் உப்பும் மிளகாய்த்தூளும், பரீட்சைக்கு முன் ஒன்றாய்க் குந்தியிருந்து மனப்பாடம் செய்த படிக்கட்டும் நிழலில்தான் இருந்தன. இலைகளினூடே விழும் வெளிச்சப் பொட்டுகள் தோழியின் முகத்தில் ஆடுவதும் ஓர் உணர்வுதான். அதன் பெயர் மகிழ்ச்சி.

எனவே உலகெங்கும் வாழும் எமது பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் உங்கள் அல்பங்களில் இருக்கும் படங்களைத் தேடிப் பாருங்கள். வகுப்புப் படங்களோடு நின்றுவிடாமல், சரியாக விழவில்லை என்று ஒதுக்கிய படங்களையும் எடுங்கள்: பாதி முகம் இருளில் போனவை, ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்தவை, விடுதியில் மெழுகுதிரி வெளிச்சத்தில் எடுத்தவை. பின்புறத்தில் பேனையால் எழுதாமல் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பொகவந்தலாவையில் உறங்கும் அந்த அம்மையாரின் படங்களில் பெயரில்லாமல் போன பெண்களைப்போல, எமது தோழிகள் எவரும் பெயரில்லாமல் போகக்கூடாது.