வாட்ஸப்பும் எங்க ஊர் வாத்தியார்களும்

சென்னையில் இருக்கிற நண்பர் ஒருத்தர் போன வாரம் தோட்டத்துக்கு வந்திருந்தார். பேச்சு பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியது. "கிராமத்து வாத்தியாருங்களுக்கு வாட்ஸப்பில் பாடம் நடத்தறதுன்னாலே ஆகாதாமே?" என்றார். அப்படிச் சொல்லிட முடியாதுங்க. இதுக்குப் பின்னாடி கொஞ்சம் பழைய கதை இருக்கு.

நான் படிக்கிறப்ப ஹெட்மாஸ்டர் ரூமில் ஒரு ரேடியோ இருந்தது. பள்ளி ஒலிபரப்பு வரும்போது வேப்பமரத்தடியில் எங்களை உட்காரவைத்துக் கேட்கவைப்பார். பாதி இரைச்சல்தான். ஆனா அந்த ரேடியோ பள்ளிக்கூடத்துடையது. கேட்டால் எல்லோரும் கேட்டோம், கெட்டுப்போனால் யாருமே கேட்கவில்லை.

2011-ல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு லேப்டாப் வந்தது. ஆனா எங்க ஊரில் கைக்குக் கை டச் போன் வந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான். 2018-ல் புதுப் பாடப்புத்தகங்களில் க்யூ.ஆர். கோடு அச்சடிச்சு வந்தது. எங்க நடுநிலைப் பள்ளியில் ஒரு டீச்சர் தன் போனிலேயே ஸ்கேன் பண்ணி வீடியோ காட்டுவார். ஒரு போனைச் சுற்றி இருபது தலை. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருந்த ஹெட்மாஸ்டரும் வந்து எட்டிப் பார்ப்பார். ஆசிரியர்கள் தங்களுக்குள் குழு வைத்து வினாத்தாளும் பாட்டும் அனுப்பிக்கிட்டாங்க. அதுவரைக்கும் ஒரு முணுமுணுப்பும் கிடையாது.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினாங்க. ஒண்ணு முதல் எட்டு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. நடுவில் ஒன்றரை வருஷத்துக்கு மேல். கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே ஆரம்பிச்சிருந்ததால் பாடம் அதில் ஓடியது. வீட்டுப்பாடத்துக்கு வாட்ஸப் குரூப்.

எட்டாம் வகுப்பில் இருபத்து மூணு பிள்ளைகள். டீச்சர் ஆரம்பிச்ச குரூப்பில் சேர்ந்தது பதினாலு நம்பர். அதிலும் பாதி அப்பாக்களுடைய போன். காலையில் ஏழரைக்கு பனியன் கம்பெனி வேனில் ஏறி அப்பாவோட போனும் திருப்பூர் போயிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவாங்க. டீச்சர் வீட்டில் அதுக்கப்புறம் உட்கார்ந்து திருத்தணும். நம்பர் எல்லோருக்கும் தெரிஞ்சுபோனதால் நேரங்கெட்ட நேரத்தில் தெரியாத ஆளுங்க கூப்பிட்டதும் நடந்தது. இதை என்னிடம் சொன்னபோது டீச்சர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அப்புறம் அட்மின் மட்டும் பதிவு போடற மாதிரி மாத்திட்டார்.

ஹெட்மாஸ்டர் கோபப்பட்டது இந்தச் சமயத்தில்தான். "குரூப்பில் இல்லாத ஒம்பது பேருக்கு நான் யாருங்க?" என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எங்களிடமே கேட்டார். நான் உட்பட யாருக்கும் பதில் வரவில்லை. போனை அவர் குறை சொல்லவே இல்லை. பள்ளிக்கூடத்து ரேடியோ மாதிரி இல்லாமல், வசதி இருக்கிற வீட்டோட வகுப்பு நின்னுபோச்சே என்பதுதான் அவர் ஆதங்கம்.

டீச்சர் ஒத்துக்கவில்லை. "குரூப் இருந்ததாலதான் யார் இல்லைன்னே எனக்குத் தெரிஞ்சுது சார்" என்றார். சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பொண்ணோட நம்பருக்குப் போன செய்தியெல்லாம் ரெண்டு வாரமாக ஒத்தை டிக்கிலேயே நின்னிருக்கு. ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டுக் காலனிக்கே போயிட்டார். ரீசார்ஜ் பண்ணக் காசில்லை. பொண்ணு அம்மாவோட பனியன் கம்பெனிக்கு, பிசிறு வெட்டப் போயிட்டிருந்தாள்.

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சண்டையை நிறுத்தினாங்க. ஒம்பது வீட்டையும் பிரிச்சுக்கிட்டு, வாரம் ஒரு தடவை ஹெட்மாஸ்டர் பைக்கிலும் டீச்சர் ஸ்கூட்டியிலும் நோட்டோட போனாங்க. என் களத்து மேட்டில் கூட நாலு பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. இல்லம் தேடிக் கல்வின்னு அரசு திட்டம் வந்தது 2021 அக்டோபரில்தான்.

அந்தப் பொண்ணு 2021 செப்டம்பரில் ஒம்பதாவது சேர்ந்துட்டாள். ஒம்பது பேரில் ஒரு பையன் மட்டும் திரும்பி வரவேயில்லை. இப்ப ஏழரை மணி வேனில் அவனும் போறான், கையில் சொந்த போன் இருக்கு. டீச்சர் இன்னும் அவன் நம்பரைக் குரூப்பில் இருந்து எடுக்கவில்லை.