ஏட்டில் எழுதிய பெயர்கள்: கணக்குக் கேட்ட சிற்றூர்களின் வரலாறு

அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு சிற்றூருக்குப் புறப்படும் பணம் வழிநெடுகத் தாளில் பதிவு பெற்றே செல்கிறது. வேலைக்கு வந்தோர் பெயரைத் தாங்கிய மஸ்டர் ரோல், தோண்டிய மண்ணின் அளவைக் கூறும் அளவுப் புத்தகம், வாங்கிய கல்லுக்கும் சிமெண்டுக்கும் உரிய பற்றுச்சீட்டு, பணி முடிந்தமைக்கான சான்றிதழ் என அப்பதிவுகள் பல. ஊரில் இல்லாத கிணறு கோப்பில் இருக்கக்கூடும். ஊரார் கோப்பைக் காண்பதில்லை. கோப்பை எழுதியோர் கிணற்றைத் தேடிச் செல்வதில்லை. இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்திக்காதவரை பொய்க்கு இடையூறு ஏதுமில்லை.

அச்சந்திப்பை நிகழ்த்திக் காட்டிய இயக்கமொன்று 1990களில் நடு இராஜஸ்தானில் தோன்றியது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அது வித்திட்டது என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் எழுத்தில் உறங்கிய சொல் ஊர்ப் பொதுவில் உரத்து வாசிக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சொல்லோடு வாழ்வோர் அறிய வேண்டிய பகுதி அதுவேயாகும்.

கூலியும் கோப்பும்

சென்னையில் 1946ஆம் ஆண்டு பிறந்த அருணா ராய், 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். 1970களின் நடுப்பகுதியில் அப்பணியைத் துறந்து, இராஜஸ்தானின் திலோனியாவில் இயங்கிய சமூகப் பணி ஆய்வு மையத்தில் இணைந்தார். 1983ஆம் ஆண்டு அங்கிருந்தும் விலகினார். பின்னர் 1987இல், அப்பகுதிச் சிற்றூரொன்றில் பிறந்தவரும் பாட்டிலும் பொம்மலாட்டத்திலும் வல்லவருமான சங்கர் சிங், இளைஞரான நிகில் டே ஆகியோருடன் தேவ்டுங்ரி என்னும் சிற்றூரில் மண் வீடொன்றில் குடியேறினார். இன்று ராஜ்சமந்த் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், மழை பொய்த்தால் வாழ்வும் பொய்த்துப்போகும் வறண்ட குன்றுப் பகுதியைச் சேர்ந்தது. அவர்கள் சென்ற 1987ஆம் ஆண்டோ கடும் வறட்சி நிலவிய ஆண்டாகும்.

வறட்சிக் காலத்தில் அரசு நிவாரணப் பணிகளைத் திறப்பது வழக்கம். குளம் தூர்வாருதல், சாலைக்கு மண் அடித்தல், தடுப்பணை கட்டுதல் ஆகியவை அப்பணிகள். ஆடவர் பலர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றுவிட, அங்கு மண் சுமந்தோருள் பெண்கள் மிகுதி. அவர்களுக்குச் சட்டப்படியான குறைந்த அளவுக் கூலி கிடைப்பதில்லை. பஞ்ச நிவாரணப் பணி என்பதைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைத்தல் ஆகாது, அவ்வாறு குறைப்பது கட்டாய உழைப்பு வாங்குவதற்கு ஒப்பாகும் என உச்ச நீதிமன்றம் 1983ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பு பிறந்ததும் இராஜஸ்தானிலிருந்து எழுந்த வழக்கொன்றில்தான். ஆயினும் தீர்ப்பு தில்லியில் இருந்தது. மண்வெட்டி தேவ்டுங்ரியில் இருந்தது.

கூலி குறைந்ததற்குப் பொறியாளரும் மேற்பார்வையாளரும் ஒரே விடையைக் கூறினர்: 'நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் பதிவாகியுள்ளது.' அப்புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது அரசு ஆவணம், பிறர் பார்க்கலாகாது என்ற மறுமொழி வரும். 1923இல் ஆங்கில ஆட்சியினர் இயற்றிய அலுவலக இரகசியச் சட்டத்தின் நிழல், விடுதலைக்குப் பின்னரும் ஊராட்சி அலுவலகத்தின் மர அலமாரி வரை நீண்டிருந்தது.

1990ஆம் ஆண்டு மே முதல் நாளன்று, உழைப்பாளர், உழவர் ஆற்றல் அமைப்பு எனப் பொருள்படும் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' பீம் என்னும் ஊரில் தொடங்கப்பெற்றது. 1990, 1991 ஆகிய இரு ஆண்டுகளிலும் முழுக் கூலி கேட்டு அமைப்பினர் உண்ணாநோன்பிருந்தனர். வாக்குறுதிகள் கிடைத்தன, கூலி கிடைக்கவில்லை. இப்பட்டறிவிலிருந்து பிறந்த தெளிவே இயக்கத்தின் திருப்புமுனையாயிற்று. கூலியைக் கேட்பவர் உழைத்ததை மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். கணக்கைக் கேட்பவர் முன்னிலையிலோ, கொடுத்ததை மெய்ப்பிக்கும் கடமை அரசுக்கு வந்துவிடுகிறது. வழக்கின் சுமை இடம் மாறுகிறது. அதன்பின் கூலிக் கோரிக்கையோடு கோப்புக் கோரிக்கையும் சேர்ந்தே எழுந்தது.

வாசித்தலும் சாட்சியும்

1994 திசம்பர் 2ஆம் நாள், பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் 'ஜன் சுன்வாய்' கூடிற்று. மக்கள் முன் விசாரணை என அதனைத் தமிழில் கூறலாம். அதன் அமைப்பு எளியது. நேர்மையான அலுவலர் ஒருவரின் இசைவால் கிடைத்த பதிவேடுகளைத் தொண்டர்கள் முன்னதாகவே ஊர் ஊராக எடுத்துச் சென்று, பெயர்பெயராக ஒப்புநோக்கினர். பின்னர் ஊர்ப் பொதுவிடத்தில் அனைவரையும் கூட்டினர். ஊராட்சித் தலைவருக்கும் அலுவலர்களுக்கும் அழைப்பு விடுத்தனர். விடை கூற அவர்களுக்கும் வாய்ப்பு உண்டு என அறிவித்தனர். வழக்குரைஞர், ஆசிரியர், இதழாளர் எனப் பக்கம் சாராத வெளியூரார் சிலர் நடுவராக அமர்ந்தனர். அதன்பின் நிகழ்ந்தது ஒன்றே: ஆவணம் உரத்து வாசிக்கப்பட்டது.

பணி முடிந்தது எனச் சான்றளிக்கப்பட்ட அரசுக் கட்டடம் ஒன்றின் கணக்கு வாசிக்கப்பட்டது. கூட்டத்தினர் சிரித்தனர். அக்கட்டடத்துக்குக் கூரை இல்லை என்பதை அங்கிருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். இவ்வாறே அடுத்தடுத்த விசாரணைகளில் வருகைப் பதிவேடுகள் வாசிக்கப்பட்டபோது, வேலைக்கே செல்லாதவர் கூலி பெற்றிருந்தார், இறந்தவரும் பெற்றிருந்தார், பிழைப்புக்காக ஊரைவிட்டுச் சென்று பல்லாண்டுகள் ஆனவர் கைநாட்டும் வைத்திருந்தார். பெயர் வாசிக்கப்பட்டதும் அப்பெயருக்குரியவர் எழுந்து நின்று, தாம் அப்பணிக்குச் செல்லவில்லை என உரைப்பார். இறந்தவர் பெயராயின் அவருடைய உறவினர் எழுவார்.

இங்குத் தெளிவாக நோக்க வேண்டியது ஒன்றுண்டு. எழுதப் படிக்கத் தெரியாமையே ஏழை மக்கள் ஏமாற்றப்படுவதற்குக் காரணம் என்பது கற்றோரிடையே நிலைத்துவிட்ட கருத்து. ஜன் சுன்வாய் இக்கருத்தை அசைத்தது. அந்தப் பதிவேடு நகரத்துத் தணிக்கையாளரிடம் முன்னரும் சென்றதுண்டு. அவர் எழுத்தறிவு மிக்கவர். கூட்டலையும் கழித்தலையும் சரிபார்த்து ஒப்பமிட்டார். வரிசையில் ஏழாவதாக உள்ள பெயருக்குரியவர் மூன்றாண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார் என்பதைக் கண்டறிய அவரிடம் வழியேதும் இல்லை. அதனை அறிந்த பெண்ணுக்கோ எழுத்துத் தெரியாது. ஏட்டில் இருப்பதை ஒருவர் குரலாக்கியதும், எழுத்தறியாத அவளே அவையின் தலைசிறந்த தணிக்கையாளர் ஆனாள். எழுத்தின் அதிகாரத்தை ஊர் நினைவின் அதிகாரம் எதிர்கொண்ட இடம் அது.

பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா என 1995 ஏப்ரலுக்குள் மேலும் நான்கு விசாரணைகள் நடந்தன. பதிவேடுகளைத் தர மறுத்துக் கிராம சேவகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏட்டின் மறைவு எத்தகைய நலன்களைக் காத்துவந்தது என்பதற்கு அவ்வேலைநிறுத்தமே போதிய சான்றாகும்.

நாற்பது நாள்

1995 ஏப்ரல் 5ஆம் நாள், ஊராட்சிப் பணிகளின் ஆவண நகல்களை மக்கள் பெறலாம் என முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தும் அதற்கான ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6ஆம் நாள் பியாவர் நகரின் சாங் கேட் பகுதியில் தர்ணா தொடங்கியது. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய வேளை அது. அந்நாட்களில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆவணங்களைப் பார்வையிடலாம் என்றது; நகல் பெறும் உரிமையை அது தரவில்லை. அலுவலக மேசையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் உரிமை எழுத்தறியாதவருக்கு எவ்வகையிலும் பயன்படாது. நகல் கைக்கு வந்தால்தான் அது ஊருக்குச் செல்லும், ஊரில் வாசிக்கப்படும். ஆகவே போராட்டம் தொடர்ந்தது.

நாற்பது நாள் நீடித்த அத்தர்ணாவை, பியாவர் ஒரு வணிக நகரமாயிருந்தும், தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. சிற்றூர்களிலிருந்து தானியம் வந்தது. காய்கறி விற்போர் காய்கறி தந்தனர். பாட்டும் பொம்மலாட்டமும் நாள்தோறும் நடைபெற்றன. 'ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்' என்பது அங்கு முழங்கிய முழக்கம். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது அதன் பொருள். பிரபாஷ் ஜோஷி முதலிய இதழாளர்கள் வந்து கண்டு எழுதிய பின்னரே தலைநகரங்கள் இதனைக் கவனிக்கத் தொடங்கின.

நான்காம் வகுப்பு அளவே கற்ற பெண்ணொருவரிடம், தகவல் உரிமை உங்களுக்கு எதற்கு என வினவப்பட்டது. மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் கணக்குக் கேட்பதில்லையா; எங்கள் பெயரில் கோடிக்கணக்கில் செலவிடும் அரசிடம் கேட்கலாகாதா என்பது அவர் விடை. இவ்விடை பின்னர் இந்திய அளவில் பலராலும் எடுத்தாளப்பட்டது. அரசியலமைப்பு நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் பொறுப்புடைமைக் கோட்பாடு வீட்டு வழக்கிலிருந்து ஒரு வாக்கியமாய் வெளிப்பட்டமை அதன் சிறப்பு. கணக்குக் கேட்பது பகைமையின் அடையாளமன்று. உரிமையுள்ள உறவின் இயல்பு என்பதையும் அது உணர்த்திற்று.

1997இல் செய்ப்பூரில் 53 நாள் தர்ணா நடைபெற்றது. அதன் முடிவில் துணை முதலமைச்சர் ஒரு செய்தியை வெளியிட்டார். நகல் பெறும் உரிமையை வழங்கும் விதி ஆறு மாதங்களுக்கு முன்னரே, 1996 திசம்பர் இறுதியில், அரசிதழில் வெளியாகிவிட்டது என்பதே அச்செய்தி. மறைவை ஒழிக்கும் ஆணையே மறைவாக இருந்தது. அங்கதப் புலவர் எவரும் இதனினும் மிகுதியாகக் கற்பனை செய்திருக்க இயலாது.

தொடர்ந்த ஆண்டில், மக்கள் முன் கணக்கு அம்பலமான சில இடங்களில் ஊராட்சித் தலைவர்கள் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தனர். ஆயினும் தடைகள் ஓயவில்லை. ராஜ்சமந்த் மாவட்டத்து ஜனாவத் ஊராட்சியின் ஆவணங்களைப் பெறவே நெடுநாள் போராட வேண்டியிருந்தது. 2001ஆம் ஆண்டு அங்கு விசாரணை நடைபெற்றபோது, ஏட்டில் மட்டுமே கட்டப்பட்ட பணிகள் வெளிப்பட்டன.

சட்டமும் அதன் பின்னும்

1996இல் மக்கள் தகவல் உரிமைக்கான தேசிய இயக்கம் உருவாயிற்று. அதே ஆண்டில் நீதியரசர் பி. பி. சாவந்த் தலைமையிலான இந்தியப் பத்திரிகைக் குழு சட்ட வரைவொன்றை உருவாக்கியது. மாநிலங்களுள் முதன்முதலாக இவ்வுரிமைக்குச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, ஆண்டு 1997. தமிழர் இதில் பெருமை கொள்ளலாம். அப்பெருமைக்கு ஓர் எல்லையும் உண்டு. அச்சட்டம் விலக்குகளின் நீண்ட பட்டியலோடு பிறந்தது. மேலிருந்து வழங்கப்பட்ட அதனைப் பயன்படுத்த ஊர்தோறும் மக்கள் அணியம் செய்யப்பட்டிருக்கவில்லை. இராஜஸ்தானில் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆனால் சட்டத்துக்கு முன்னரே அதனைக் கையாளும் மக்கள் அங்கு உருவாகியிருந்தனர்.

மைய அரசின் 2002ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கு வராமலே கழிந்தது. 2005 சூனில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற தகவல் அறியும் உரிமைச் சட்டம், அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பொதுவாக 30 நாளுக்குள் விடை, உயிரும் உரிமையும் பற்றியதாயின் 48 மணி நேரத்துக்குள் விடை, காரணம் கூறாமலே கேட்கும் உரிமை, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முரண்படின் இச்சட்டமே மேலோங்கும் என்னும் விதி ஆகியன அதன் வலிமைகள். அதே 2005இல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. கோட் கிரானாவில் ஊரார் கூடிச் செய்தது பத்தாண்டுக்குப் பின் நாடாளுமன்றத்தின் சொல்லாயிற்று.

இதற்கு விலை கொடுத்தோரும் உளர். காட்டுப் பகுதியில் நடைபெற்ற சட்டத்துக்குப் புறம்பான சுரங்கப் பணிகளை எதிர்த்த அமித் ஜேத்வா, 2010 சூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்தின் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டமும் தேய்மானத்துக்கு ஆளானது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் வரையறுக்கும் ஆற்றலை மைய அரசிடம் அளித்தது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் பற்றிய தகவலை மறுக்கும் விலக்குப் பிரிவை விரித்து, அப்பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநல வரம்பை நீக்கியது. பொதுநலம் பெரிதாயின் தகவல் தரலாம் என்னும் பொது விதி எஞ்சியிருப்பினும், மறுப்பதற்கான வாயில் அகன்றுவிட்டது.

இம்மாற்றத்தின் பொருளைக் கோட் கிரானாவின் பதிவேட்டைக் கொண்டே அளந்தறியலாம். மஸ்டர் ரோல் என்பது பெயர்களின் நிரல். பெயரை நீக்கிவிட்டால் எஞ்சுவது இத்தனை பேர், இத்தனை நாள், இத்தனை ரூபாய் என்னும் கூட்டுத்தொகை மட்டுமே. கூட்டுத்தொகையைக் கேட்டு எந்தப் பெண்ணும் எழுந்து நின்று, அவர் இறந்துவிட்டார் எனக் கூற இயலாது. ஏழையின் அந்தரங்கம் காக்கத்தக்கதே. ஆயின் ஏழையின் பெயரால் எழுதப்பட்ட பொய்யும் அந்தரங்கம் என்னும் அதே போர்வைக்குள் ஒளிந்துகொள்ளக்கூடும்.

கணக்கு என்னும் சொல்லுக்குத் தமிழில் எண்ணுதல் என்ற பொருளோடு, நடந்ததை ஒப்புவித்தல் என்ற பொருளும் உண்டு. அவ்வொப்புவித்தல் யார் முன்னிலையில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே ஆட்சியின் தன்மை அமைகிறது. ஓர் ஊரின் நடுவே தாளை விரித்து ஒருவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, அப்பெயருக்குரியோர் கேட்டு ஆம் என்றோ அன்று என்றோ உரைத்தபோது, எழுத்து தன் மெய்ம்மைக்கு மக்களிடம் ஒப்புதல் கோர வேண்டியதாயிற்று. அந்த ஒப்புதலைத் தரவும் மறுக்கவும் ஊராருக்கு உள்ள உரிமையே, சட்டங்கள் மாறினும் காக்கப்பட வேண்டியது.