மாங்கனி கண்ட ஊரில் மரப்பெட்டகம்

மாங்கனித் திருவிழா மலருக்கு இக்கட்டுரையை எழுதுகிறேன். காரைக்கால் அம்மையார் வரலாற்றை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வரலாறு நடந்த வணிகர் மனைகளில் பொன்னும் பணமும் ஓலையும் வைத்துப் பூட்டிய மரப்பெட்டகத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதன் சித்திர வேலைப்பாட்டை வெறும் அழகு என்று நினைக்கிறோம். அந்த அழகின் ஒவ்வோர் அங்கமும் ஒரு காவல் என்பதே நான் சொல்ல வந்தது.

சேக்கிழார் பெருமான் இந்த ஊரைக் கடல்வணிகர் ஊராகவே காட்டுகிறார். அம்மையாரின் தந்தை தனதத்தன் வணிகர் தலைவன். மருமகன் பரமதத்தன் நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, தம் மனைக்குப் பக்கத்திலேயே தனிமனை அமைத்து, எல்லையற்ற செல்வமும் கொடுத்துக் குடிவைக்கிறார். அத்தனை செல்வம் இருந்த மனையில் அதை வைத்துக் காக்கும் பெட்டகமும் இருந்திருக்கும் என்று எண்ணுவதில் பிழையில்லை. ஆயினும் கதை பொன்னைச் சுற்றி நடக்கவில்லை. கடையிலிருந்து கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு கனிகளைச் சுற்றி நடக்கிறது. அக்கனிகளும் வைத்திருக்கச் சொல்லித் தந்தவையே. பசித்து வந்த அடியாருக்கு அவற்றில் ஒன்றை அம்மையார் இட்டார்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வள்ளுவர் நினைவு வரும். ஈகை அதிகாரத்தில், இல்லாதவரின் கொடும்பசியைத் தீர்ப்பதுதான் பொருளைப் பெற்ற ஒருவன் அதைச் சேமித்து வைக்கும் இடம் என்கிறார். நன்றியில் செல்வம் என்று தனி அதிகாரமே வைத்து, வீடு நிறையச் சேர்த்தும் துய்க்காதவனை இறந்தவனாகவே எண்ணச் சொல்கிறார். வணிகம் செய்த ஊர் எது என்று கேட்டால் உலகத்தில் ஆயிரம் ஊர் உண்டு. அந்தச் சேமிப்பிடத்தைத் தன் வாழ்வால் காட்டிய பெண்ணைத் தெய்வமாக வைத்து விழா எடுக்கும் ஊர் நம் காரைக்கால். இதைச் சொல்லும்போது வரும் பெருமிதத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

நூல்கள் காட்டும் பேழை

பழைய நூல்களில் பேழை பல இடங்களில் வருகிறது. வால்மீகி இராமாயணத்தில் சனகனின் வில் இரும்புப் பேழைக்குள் இருக்கிறது. அதற்கு எட்டுச் சக்கரங்கள், இழுத்து வருபவர் ஐயாயிரம் பேர். வியாச பாரதத்தின் வனபர்வத்தில் குந்தி தன் மகனைப் பேழையில் வைத்து ஆற்றில் விடுகிறாள். அந்தப் பேழையை மெழுகால் பூசி நீர் புகாதபடி செய்ததையும் வியாசர் சொல்லாமல் விடவில்லை. மரத்துக்கு மெழுகிடும் பழக்கத்தின் தொன்மையை இதில் காணலாம். மானசாரம் என்னும் சிற்பநூல், விளக்கு, விசிறி, கண்ணாடி, ஊஞ்சல், பல்லக்கு ஆகியவற்றுக்கு இலக்கணம் கூறும் அதே அத்தியாயத்தில் மஞ்சூஷை எனப்படும் பெட்டிக்கும் இடம் தருகிறது. கோயிலும் கோபுரமும் அமைக்கும் நூல் பெட்டிக்கும் இலக்கணம் கூறுகிறது என்றால் தச்சர் தொழிலில் சிறியது, பெரியது என்ற பேதம் இருந்ததில்லை.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது கௌடில்யரின் அர்த்தசாத்திரம். இரண்டாம் அதிகரணத்தின் ஐந்தாம் அத்தியாயம் கருவூலத் தலைவன் செய்ய வேண்டியதைக் கூறுகிறது. நீர்க்கசிவு இல்லாத சதுரக் குழி தோண்ட வேண்டும். பக்கமும் அடியும் அகன்ற கற்களால் பாவ வேண்டும். உள்ளே வயிரம் பாய்ந்த மரத்தால் கூடு போல மூன்று தளம் அமைக்க வேண்டும். வாயில் ஒன்றே இருக்க வேண்டும். படிக்கட்டு பொறியால் இயங்க வேண்டும். மேலே தெய்வ உருவம் மூடியாக அமைய வேண்டும். அரசனின் கருவூலம் கல்லுக்குள் வைத்த ஒரு மரப்பேழை என்பதை இதனால் அறிகிறோம். தெய்வத்தையே மூடியாக வைக்கச் சொன்னதையும் கவனிக்க வேண்டும். பெட்டகத்தின் முகப்பில் கஜலட்சுமியைச் செதுக்குவது இதே மரபில் வந்த வழக்கம் என்பது என் கருத்து.

கௌடில்யர் சொன்ன குழியை நம் மண்ணில் தோண்ட முடியாது. அரசலாற்றுக் கரையில் சில அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோண்டவே வேண்டாம். ஆகையால் இக்கடற்கரையில் செல்வம் தரைக்கு மேலே, கால் வைத்த பெட்டகத்தில் ஏறியது. அந்தக் கால்கள் ஈரத்தையும் கரையானையும் தள்ளி வைத்தன.

கரையான் என்றதும் தில்லை நினைவு வந்துவிடுகிறது. திருமுறை கண்ட புராணம் சொல்லும் செய்தி இது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டி முத்திரையிடப்பட்டிருந்தன. பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தில்லைவாழ் அந்தணர். நம்பியாண்டார் நம்பியோடு சென்ற சோழ மன்னர் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தார். உள்ளே புற்று மண்டிக் கிடந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தபோது பெரும்பகுதி அழிந்திருந்தது. திறக்காமல் வைத்திருந்த காவலால் நாம் இழந்தது எவ்வளவு என்று எண்ணினால் நெஞ்சு பதைக்கிறது. மிஞ்சியதை நம்பி தொகுத்தார். அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியும், திருவிரட்டை மணிமாலையும், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் பதினோராம் திருமுறையில் நமக்குக் கிடைத்தன. நெருப்பில் வேகாத பச்சைப்பதிகத்தைத் தந்த திருநள்ளாறு நம் பக்கத்தில் இருக்கிறது. நெருப்பு தொடாத ஏட்டைக் கரையான் தொடும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பேழை மற்றச் சமயத்தார்க்கும் புனிதமானது. விவிலியத்தின் யாத்திராகமம் உடன்படிக்கைப் பேழைக்கு அளவே கொடுக்கிறது: நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை, சீத்திம் மரத்தால் செய்து உள்ளும் புறமும் பொன்தகடு வேய வேண்டும். தேவாலயப் பீடத்தில் சாவியிட்டுப் பூட்டும் நற்கருணைப் பேழையும் அதை நினைவூட்டுகிறது.

தச்சர் கையில்

இனி வேலைக்கு வருகிறேன். முதலில் மரம். வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் கட்டில், இருக்கை இலக்கணம் கூறும் அத்தியாயம், ஆகும் மரங்களில் தேக்கைச் சேர்க்கிறது. இடி விழுந்த மரம், காற்றும் வெள்ளமும் யானையும் சாய்த்த மரம், தேன்கூடோ பறவைக்கூடோ உள்ள மரம், உச்சி பட்ட மரம் ஆகியவற்றைத் தள்ளுகிறது. சகுனம் என்று சிலர் இதை ஒதுக்குவார்கள். இடி விழுந்த மரத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடியிருக்கும். தேனீயும் பறவையும் பொந்து உள்ள மரத்தைத் தேடும். உச்சி பட்ட மரத்தில் அழுகல் கீழே இறங்கியிருக்கும். வராகமிகிரர் வாக்கிலும் மரக்கடை அனுபவத்திலும் ஒரே செய்திதான் இருக்கிறது.

தேக்கில் வயிரம் மட்டும் வேண்டும். ஓரத்து வெள்ளையை விட்டால் பூச்சி அங்கேதான் முதலில் இறங்கும். அறுத்த பலகையை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காயவிட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சரிடையே வழங்கும் கணக்கு. அவசரப்பட்டால் கோடையில் பலகை முறுக்கிக்கொள்ளும்.

எவ்வளவு காய்ந்தாலும் மரம் மழையில் பருக்கும், வெயிலில் சுருங்கும். நீளவாட்டில் இது தெரியாது, குறுக்குவாட்டில்தான் தெரியும். கடற்காற்றும் பருவமழையும் மாறி மாறி வரும் காரைக்காலில் இதுவே பெரிய சோதனை. அதற்கு நம் தச்சர் கண்ட வழி சட்டமும் பலகையும். நான்கு மூலைக் கால்களையும் சட்டங்களையும் துளையிட்டுக் கழுந்து பொருத்தி இறுக்குவார்கள். சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுத்து, பலகையை அக்காடியில் பசை போடாமல் இறக்குவார்கள். பலகை உள்ளே தாராளமாகப் பருக்கும், சுருங்கும். பெட்டகத்தின் வடிவம் அசையாது. சித்திர வேலை எல்லாம் பெரும்பாலும் அந்த நடுப்பலகையில் இருக்கும். சட்டம் பாரம் தாங்குவதால் அதைச் செதுக்கி இளைக்கவைக்க மாட்டார்கள். அழகுக்கு இடம் எது, வலிமைக்கு இடம் எது என்று முதலிலேயே வகுத்துவிட்ட அறிவு இது. உள்ளே வைக்கும் சிறு பெட்டிகளின் மூலையைப் புறாவால் வடிவப் பற்களாக வெட்டிக் கோப்பார்கள். இழுக்க இழுக்க அந்தப் பல் இறுகும். ஆணி கழன்றாலும் மூலை பிரியாது.

அடுத்தது பித்தளை. உப்புக்காற்றில் இரும்பு பொருமி உதிரும். பித்தளை பச்சை பூக்குமே தவிர எளிதில் அரிக்காது. பட்டைத் தகடுகள் கோலம் போல ஓடுவதைப் பார்க்கிறோம். அவை ஓடும் இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு மரம் சேரும் மூட்டின் மேலேதான் ஓடும். உளி நுழைய வாய்ப்புள்ள இடம் அதுவே. தாமரை போல வரிசையிட்ட குமிழ் ஆணிகள் ஒவ்வொன்றின் வாலும் பலகையைத் துளைத்து உள்ளே வந்து மடக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து தகட்டை நெம்ப முடியாது. கீல் உட்புறம் இருக்கும். சாவித்துவாரம் கண்ணுக்குப் படாது. பூவிதழ் ஒன்றை நகர்த்தினால் தெரியும். மூலையில் கவசமாக வைத்த தகடு, பெட்டகத்தை நகர்த்தும்போது முனை நசுங்காமல் காக்கிறது. இப்படித் தொடர்ந்து பார்த்துக்கொண்டு போனால் வேலையற்ற அலங்காரம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. நம் முன்னோரின் இந்த நுட்பத்தைக் காணும்தோறும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

பூட்டில் திண்டுக்கல்லுக்கு நிகர் இல்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டுகளில் மாங்காய்ப் பூட்டு என்றே ஒரு வகை உண்டு. சாவியைத் திருப்பும்போது மணி ஒலிக்கும் பூட்டும் உண்டு. பொதுப் பணம் வைக்கும் பெட்டகத்தில் இரண்டு மூன்று பூட்டுப் போட்டுச் சாவிகளை வெவ்வேறு ஆளிடம் கொடுப்பது நல்ல மரபு. எல்லாரும் கூடினால்தான் திறக்கும்.

உள்ளே நகைத்தட்டு, ஓலை அறை, பத்திர அறை, அவற்றுக்குக் கீழே கள்ள அறை. வெளி உயரத்தையும் உள் ஆழத்தையும் அளந்தால் கள்ள அறை காட்டிக்கொடுத்துவிடும். எனவே தேர்ந்த தச்சர் அதை மொத்த அடியில் வைக்காமல் நகைத்தட்டின் அடியில் விரற்கடை அளவில் ஒளிப்பார். பலகையின் ரேகை தொடர்ந்து ஓடும்படி ஒரே மரத்திலிருந்து அறுத்த துண்டைப் போடுவார். கடைசியில் தேன்மெழுகு தேய்த்து மெருகேற்றுவார்கள்.

தீயைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கனத்த தேக்கு மேலே கரியாகும். அந்தக் கரியே உள்மரத்துக்குச் சிறிது நேரம் போர்வையாகும். வெற்று இரும்புப் பெட்டியோ வெப்பத்தை நேரே உள்ளே கடத்தும். இரண்டு தகட்டுக்கு இடையே தீத்தடுப்புப் பொருளை அடைத்த பிறகுதான் இரும்புப் பெட்டகம் தீயை வென்றது.

மூன்று கொடிகள்

தரங்கம்பாடியில் 1620இல் டேனியர், நாகையில் 1658இல் டச்சுக்காரர், காரைக்காலில் 1739இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர். ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்த கரை இது. கப்பலில் வந்த பெட்டியைப் பார்த்து நம் தச்சரும், நம் பெட்டியைப் பார்த்து அவர்களும் கற்றிருப்பார்கள். பிறகு இரும்பு வந்தது. பம்பாயில் 1897இல் பூட்டுத் தொழில் தொடங்கிய கோத்ரெஜ், சில ஆண்டுகளில் இரும்புப் பெட்டகமும் செய்தது. பின்னர் வங்கி லாக்கர் வந்தது. மரப்பெட்டகம் கூடத்திலிருந்து பரணுக்குப் போனது.

இளைஞர்களுக்கு

பரணில் பெட்டகம் இருக்கும் வீட்டார்க்கு என் வேண்டுகோள்: எனாமல் பெயின்ட் பூசாதீர்கள்; பித்தளையைக் கடும் அமிலம் ஊற்றிக் கழுவாதீர்கள், எலுமிச்சையும் புளியும் போதும்; பழைய வியாபாரிக்கு எடைக்குப் போடாதீர்கள்; ஆண்டுக்கு இருமுறை திறந்து காற்றாட விடுங்கள். அரும்பாவூரும் தம்மம்பட்டியும் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. நம் ஊர்த் தச்சுப் பிள்ளைகளுக்கும் அந்தத் திறம் உண்டு. அவர்கள் ஒன்றுகூடி ஒரு திருமுறைப் பேழை செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நீளம் ஐந்து பங்கு, அகலமும் உயரமும் மும்மூன்று பங்கு, வயிரத் தேக்கு, காடியில் இறங்கிய நடுப்பலகையில் பனைமரமும் பேயுருவில் தாளமிடும் அம்மையாரும், மேல்மூடியில் ஆடும் பெருமான், மூட்டுகளின்மேல் பித்தளைப் பட்டை, உள்ளே பதினோராம் திருமுறை. பலகை கிடைத்துவிட்டால் அளவு குறித்துத் தருவதற்கும், எந்தப் பாடலுக்கு எந்த உருவம் என்று உடனிருந்து சொல்வதற்கும் நான் அணியமாக இருக்கிறேன். அடுத்த ஆனிக்குள் முடிய வேண்டுமானால் காய்ந்த மரத்தை இப்போதே தேடத் தொடங்க வேண்டும்.