சுரங்க ஊரில் கற்ற பாடம்

காலரா ஆய்வு என்றதும் ஆங்கில மருத்துவர் ஜான் ஸ்னோவையும், நோயைத் தடுக்க 1854 செப்டம்பரில் லண்டன் பிராட் தெருவில் கழற்றப்பட்ட அடிபம்புக் கைப்பிடியையும் சொல்லி முடித்துவிடுகிறோம். அப்போது அவருக்கு வயது 41. காலராவை அவர் முதலில் பார்த்தது 18 வயதில். 1831 இறுதியில் சண்டர்லாந்து துறைமுகத்தைப் பிடித்த நோய், அடுத்த சில மாதங்களில் நியூகாசிலை ஒட்டிய கில்லிங்வொர்த் சுரங்க ஊருக்கும் வந்தது. வில்லியம் ஹார்ட்காசில் என்ற மருத்துவரிடம் 14 வயதிலேயே தொழில் பழகச் சேர்ந்திருந்த ஸ்னோ, அங்கே நோயாளிகளைக் கவனிக்க அனுப்பப்பட்டார். கொடுப்பதற்கு உருப்படியான மருந்து எதுவும் அன்று யாரிடமும் இல்லை. ஆனால் பிற்கால ஸ்னோவை உருவாக்கியதில் லண்டனைவிட அந்தச் சுரங்க ஊருக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

பெரிய மனிதர் ஒருவரின் இளமையில் எதைக் கண்டாலும் பிற்பாடு அதற்கு அர்த்தம் கற்பிப்பது சுலபம் என்று இதை மறுக்கலாம். கில்லிங்வொர்த்திலிருந்து அவர் எந்த ஆய்வுக் கட்டுரையும் எழுதவில்லை. காலராவைப் பற்றிய முதல் நூல் வந்ததே 1849-இல்தான். மறுப்பு நியாயமானதே. ஆனால் 1855-இல் விரித்து எழுதிய பதிப்பைப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளர்களைக் காலரா ஏன் இவ்வளவு தாக்குகிறது என்ற கேள்விக்கு அதில் தனி இடம் உண்டு. குழிக்குள் கழிப்பறை கிடையாது. எட்டு, ஒன்பது மணி நேரம் உள்ளேயே வேலை. கொண்டுபோன சாப்பாட்டைக் கழுவாத கையால்தான் தின்றாக வேண்டும். லீட்ஸ் அருகே சுரங்கத் தொடர்புள்ள உறவினர் ஒருவருக்கு எழுதிக் கேட்டுத்தான் இந்த விவரங்களை உறுதிசெய்துகொண்டார். லண்டனில் மயக்க மருந்து நிபுணராகப் பெயர் எடுத்திருந்தவருக்குச் சுரங்கத்தாரின் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கத் தோன்றியது தற்செயல் என்று எனக்குப் படவில்லை.

கெட்ட காற்றே காலராவைப் பரப்புகிறது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த நாளில், அந்தக் கழுவாத கையைப் போல வாய்வழி நோயை உள்ளே கொண்டுபோவது எது என்று தேடியவர் அவர். அந்தத் தேடலில் அவர் அடுத்துப் பார்த்தது குடிதண்ணீரை. தென் லண்டனில் ஒரே தெருவில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. லாம்பெத் கம்பெனி 1852-இலேயே நகரக் கழிவு கலக்காத மேல்நதிக்குப் போய்விட்டது. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி அழுக்குத் தேம்ஸிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது. தங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது என்பது குடியிருப்பவர்களில் பலருக்கே தெரியாது. ஸ்னோ வீடு வீடாகத் தண்ணீர் வாங்கி, அதில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். உப்பு மிகுந்த வாக்ஸ்ஹால் தண்ணீர் வெள்ளையாகத் திரிந்தது. லாம்பெத் தண்ணீர் லேசாகக் கலங்கியதோடு சரி. 1854 தொற்றின் முதல் ஏழு வாரங்களில், 10,000 வீடுகளுக்கு வாக்ஸ்ஹால் தண்ணீர் வந்த இடத்தில் 315 சாவு, லாம்பெத் தண்ணீர் வந்த இடத்தில் 37. பம்புக் கைப்பிடியைவிட வலுவான சான்று இதுதான். படம் வரைந்து காட்டத் தோதாக இல்லாததால் பின்னுக்குப் போய்விட்டது போலும்.

கில்லிங்வொர்த்தில் ஸ்னோவுக்குக் கிடைத்ததுபோன்ற ஒரு பருவத்தில் மாணவர் என்ன சாதித்துவிட முடியும் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பெரும்பாலும் ஒன்றும் இல்லைதான். நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் மருத்துவ மாணவர்களுக்கு இரண்டு மாத ஆய்வுத் திட்டம் நடத்துகிறது. அந்த அறிக்கைகளைத் திருத்தும் பேராசிரியர்கள் முடிவுகளின் கனத்தை மட்டும் எடைபோடாமல், மாணவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன கேட்டார் என்பதற்கும் மதிப்பெண் போட வேண்டும்.